அரக்கு உடையாத கடிதம்

போல்வென்னா, கார்ன்வால்
9 அக்டோபர் 1815

லெப்டினன்ட் ஹேவிலண்ட் ஐயா அவர்களுக்கு,

போல்வென்னா மேரி ரொஸ்கில்லி வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும் கர்த்தரின் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு முட்டிவலி தவிர வேறு குறையில்லை.

அம்மா சொல்லி நான் எழுதியது இவ்வளவுதான். மேற்கொண்டு சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். எழுதவும் தெரியாது. இனி எழுதுவது அவள் மகள் கெசியா. உறவில்லாத ஆண்பிள்ளைக்கு ஒரு பெண் கடிதம் எழுதினால், இருவருக்கும் நிச்சயம் ஆகியிருக்கிறது என்றுதான் ஊரில் அர்த்தம். எனக்கு அது தெரியும். ஆகையால் இதை அம்மாவின் கடிதமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பதிலையும் அம்மா பெயருக்கே போடுங்கள்.

என் அண்ணன் பாஸ்கோ ரொஸ்கில்லி தங்கள் கப்பலில் பீரங்கிக்காரனாக இருந்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் கடற்படை ஆபீசிலிருந்து ஒரு காகிதம் வந்தது. அவன் பெயருக்கு எதிரே 'இறந்தபடியால் நீக்கம்' என்று இரண்டே சொல். எந்த நாள், என்ன நோவு, எங்கே புதைத்தார்கள், ஒன்றும் இல்லை. அம்மா அதை நம்பவில்லை. "ரெண்டு வார்த்தையில எவன்டி சாவான்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் வாசல் கதவைத் தாழிடுவதில்லை. பாஸ்கோ வந்தால் தட்டிக்கொண்டு நிற்கக்கூடாதாம்.

போன மாதம் கப்பலிலிருந்து விடுபட்ட ஒருவர் இந்த வழியாகப் போகையில் தண்ணீர் கேட்டு வந்தார். பாஸ்கோ பெயரைச் சொன்னதும், "லெப்டினன்ட் ஹேவிலண்ட் கடைசிவரைக்கும் பக்கத்துல இருந்தாரும்மா. அவரைக் கேளுங்க" என்றார்.

கேட்கிறோம் ஐயா. இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள்.

மேரி ரொஸ்கில்லிக்காக,
மகள் கெசியா


கூம்ப் மாளிகை, வில்ட்ஷர்
2 நவம்பர் 1815

மிஸ் கெசியா ரொஸ்கில்லி அவர்களுக்கு,

உங்கள் அம்மாவின் முட்டிவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம். கரைக்கு வந்து ஒரு வருஷமாகிறது, தரை ஆடாமல் நிற்பதுதான் இன்னும் பழகவில்லை.

அம்மா பெயருக்கு எழுதச் சொன்னீர்கள். ஆனால் இதைப் பிரித்து முதலில் படிக்கப்போவது நீங்கள். மகன் செத்த கதை தன் பெயருக்கு வந்தது என்று அவர்கள் வாங்கிக்கொள்வதைவிட, நீங்கள் படித்து, எதை எப்படிச் சொல்லலாம் என்று பார்த்துச் சொல்வது நல்லது என்று பட்டது. அதனால்தான் மடிப்பின் மேல் உங்கள் பெயர்.

பாஸ்கோ இறந்தது 1811 அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை. காய்ச்சல். மூன்று நாள் படுத்திருந்தான். கடைசி நாளில் புத்தி தெளிவாக இருந்தது. "காத்து எந்தப் பக்கம் ஐயா?" என்று கேட்டான். வடமேற்கு என்றேன். "அப்போ நம்ம ஊர்ப் பக்கத்துலேர்ந்துதான் வருது" என்றான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

அவன் தூங்கிய தொங்குபடுக்கைத் துணியிலேயே வைத்து, கப்பல் பாய் தைக்கும் கிழவர் தம் கையாலேயே தைத்தார். கடலில் அமிழ்வதற்காகக் காலடியில் இரண்டு பீரங்கிக் குண்டு. கேப்டன் ஜெபம் வாசித்தார். கரை தெரிந்தது; மலைகள் நீலமாக இருந்தன. ஆழமான, சுத்தமான தண்ணீர்.

நல்ல ஆள். அவனுக்கு எதிரி என்று கப்பலில் ஒருவரும் கிடையாது, சமையல்காரரைத் தவிர.

பிஷப் நலமா? இன்னும் உங்கள் போதகரைத் துரத்துகிறாரா?

தங்கள் பணிவுள்ள,
ஆம்ப்ரோஸ் ஹேவிலண்ட்


போல்வென்னா
20 நவம்பர் 1815

லெப்டினன்ட் ஐயாவுக்கு,

தங்கள் சுகத்துக்காக அம்மா இப்போது தினமும் ஜெபிக்கிறாள். தங்கள் பெயர் அவள் வாயில் நுழையாததால் 'பாஸ்கோவின் லெப்டினன்ட்' என்றே கர்த்தரிடம் சொல்கிறாள். அவருக்கு விளங்கும்.

தங்கள் கடிதத்தை அம்மாவுக்கு முழுதும் படித்தேன். குண்டு இரண்டையும் விடவில்லை. கேட்டு முடித்ததும், "வியாழக்கிழமையா?" என்று மட்டும் கேட்டாள். அன்று படுக்கப் போகுமுன் எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டாள். நான்கு வருஷத்தில் துருப்பிடித்து நின்ற தாழ்ப்பாள், இரண்டு கையாலும் தள்ளித்தான் போட்டாள். நான் உதவப் போகவில்லை. தங்களுக்கு நாங்கள் பட்ட கடன் அந்தத் தாழ்ப்பாள் சத்தம்.

இரண்டு விஷயம் கேட்கவேண்டும். பிஷப் என்று நாங்கள் கூப்பிடும் ஆண் வாத்து, பாஸ்கோ கப்பலேறி ஒரு வருஷம் கழித்துத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. அவன் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. நான் எழுதித்தான் அவனுக்குத் தெரியும். என் கடிதங்களை அவன் தங்களுக்குப் படித்துக் காட்டுவானோ?

இன்னொன்று, அவனுடைய ஊசிநூல் பெட்டி. மூடியில் ஒரு மத்திமீன் செதுக்கி அப்பா செய்துகொடுத்தது. அது என்ன ஆயிற்று?

அடுத்த முறை அம்மா பெயரையே எழுதிவிடுங்கள். தபால்காரி பெங்கெல்லியம்மா தங்கள் கடிதத்தை என் மூக்குக்கு நேரே ஆட்டி, "என்னடி கெசியா, துரை கையெழுத்து முத்து முத்தா இருக்கு! எப்போடி கேக் வெட்டறோம்?" என்றாள். தபாலுக்கு நின்ற ஏழு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

நன்றியுடன்,
கெசியா ரொஸ்கில்லி


கூம்ப் மாளிகை
15 டிசம்பர் 1815

மிஸ் ரொஸ்கில்லிக்கு,

உங்கள் இருவரின் நலமும் கோருகிறேன். சொன்னபடியே அம்மாவின் பெயரை எழுதியிருக்கிறேன். என் யோசனையின்மையை மன்னியுங்கள்.

பாஸ்கோ வீட்டைப் பற்றி நிறையப் பேசுவான். காவல் நேரம் நீளமானது, கடலில் வேறு என்ன இருக்கிறது? பெட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். கப்பலில் ஒருவர் இறந்தால் அவருடைய பொருள்களைப் பெரிய பாய்மரத்தின் அடியில் ஏலம் விடுவது வழக்கம். யார் எதை எடுத்தார்கள் என்று குறித்துவைப்பதில்லை. அது நல்ல கையில்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

இங்கே சொல்ல ஒன்றுமில்லை. போர் முடிந்த பிறகு பாதிச் சம்பளத்தில் வீட்டில் இருக்கும் லெப்டினன்ட் நாற்காலியைப் போல. யாராவது நகர்த்திவைத்தால் நகர்வான். வீடு என் அண்ணன் சர் ஜெர்வேஸுடையது. நேற்று விருந்தில் அண்ணி எல்லார் முன்னாலும், "ஏன் கொழுந்தனாரே, கரண்டியத் துடுப்பு மாதிரி பிடிக்கறீங்க? கப்பல்ல எலியோட பந்தியில உக்காந்த பழக்கமா?" என்றார். "எலிகள் இவ்வளவு பேசாது அண்ணி" என்றேன். அதற்குப் பிறகு எனக்குப் பழத்தட்டு வரவில்லை. பீர் ஆலைக்காரர் மகள் ஒருத்தியை எனக்குப் பார்த்துவைத்திருக்கிறார்கள். நல்ல பெண். நான் பேசும்போது கடிகாரத்தைப் பார்க்கிறாள்.

உங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுங்கள். குளிர் நாளில் மத்தி உப்பிடும் கொட்டகைக்குள் அதிகம் நிற்காதீர்கள், உங்கள் இருமலுக்கு ஆகாது.

ஆ. ஹேவிலண்ட்


போல்வென்னா
11 ஜனவரி 1816

லெப்டினன்ட் ஐயாவுக்கு,

புது வருஷம் தங்களுக்குச் சுகமும் பழத்தட்டும் தரட்டும். தங்கள் அண்ணிக்குச் சொன்ன பதிலை அம்மாவுக்குப் படித்தேன். தையலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

பள்ளிக்கூடம் என்பது எங்கள் முன்னறைதான். ஒன்பது பெண்பிள்ளைகள், நான்கு பையன்கள். காலையில் எழுத்து, மத்தியானம் பின்னல். நான் படித்தது கொஞ்சம். அதை முழுதுமாகக் கொடுத்துவிடுகிறேன், ஒளித்துவைப்பதில்லை. போன வருஷம் 'ஆ' என்றால் அழுத பெண் ஒருத்தி இப்போது வேதப் புத்தகத்தில் சங்கீதம் வாசிக்கிறாள். அதைக் கேட்கும்போது நான் சற்று நிமிர்ந்துதான் உட்காருகிறேன். பெருமை பாவம் என்றால் அந்தப் பாவம் எனக்கு உண்டு.

பிஷப்புக்கு வயதாகியும் குணம் மாறவில்லை. கிறிஸ்துமஸ் அன்று போதகர் ஆசீர்வாதம் சொல்ல வந்தார். இது கழுத்தை நீட்டியது. அவர் அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "கெசியா! இந்தச் சாத்தானைக் குழம்பு வைக்கக்கூடாதா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கத்தினார். "நீங்க ஓடறதாலதான் ஐயா அது துரத்துது. நில்லுங்க, அதுவும் நின்னுடும்" என்று அம்மா சொன்னாள். அவர் நிற்கவில்லை.

இந்தக் கடிதத்துக்குத் தாங்கள் உடனே பதில் எழுதவேண்டும் என்பதில்லை. சாலைகள் மோசமாக இருக்கின்றன. எழுதினால் அம்மா சந்தோஷப்படுவாள்.

கெசியா ரொஸ்கில்லி


கூம்ப் மாளிகை
19 மார்ச் 1816

மிஸ் ரொஸ்கில்லிக்கு,

பிப்ரவரி தொடக்கத்தில் எழுதினேன். பதில் இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று அஞ்சுகிறேன். கடிதம் வழியில் தொலைந்திருக்கவும் கூடும். நலம் என்று ஒரே ஒரு சொல் போட்டால் போதும்.

ஆ. ஹேவிலண்ட்


போல்வென்னா
8 ஏப்ரல் 1816

லெப்டினன்ட் ஹேவிலண்ட் அவர்களுக்கு,

தாங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறோம். அம்மா சுகம். நானும் சுகம். பள்ளிக்கூடத்துக்கு இப்போது விடுமுறை.

பாஸ்கோவைப் பற்றித் தெரியவேண்டியது எல்லாம் தெரிந்துவிட்டது. இனித் தாங்கள் சிரமப்பட்டு எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிஷப் சுகம்.

கெசியா ரொஸ்கில்லி


தபால் வீடு, போல்வென்னா
6 மே 1816

லெப்டினன்ட் ஐயாவுக்கு டாம்சின் பெங்கெல்லி எழுதிக்கொண்டது.

என்னைத் தங்களுக்குத் தெரியாது. தங்களை எனக்கு நன்றாகத் தெரியும். நான்கு கடிதம் என் கையால் கொடுத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊர்த் தபால் என்னிடம்தான். ஒன்று தொலைந்தது கிடையாது. பல்வலி தவிர நான் சுகம். எழுத்துப்பிழை இருந்தால் பல்வலி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

'மிஸ் கெசியா' என்று மடிப்பின் மேல் எழுதியது தாங்கள். பார்த்தது நான். ஊருக்குச் சொன்னதும் நான்தான், மறைக்கமாட்டேன். சந்தோஷத்தில் சொன்னேன். முப்பது வயதாகிறது, தங்கமான பெண், துரை வீட்டிலிருந்து மாப்பிள்ளை என்றால் ஊருக்கே பெருமை இல்லையா? எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். ரொட்டிக்காரி கல்யாணக் கேக்குக்கு உலர்ந்த திராட்சைகூட எடுத்துவைத்தாள்.

பிப்ரவரியில் இவள் என்ன செய்தாள் தெரியுமா? கோயில் வாசலில் ஒருத்தி வாழ்த்துச் சொன்னபோது, "நிச்சயம் எதுவும் ஆகல" என்று நேராகச் சொல்லிவிட்டாள். அத்தோடு பேச்சு புரண்டது. நிச்சயம் ஆனவள் எழுதினால் சரி. ஆகாமலே ஆண்பிள்ளைக்கு எழுதுகிறவளிடம் பெண்பிள்ளைகளை அனுப்புவதா என்று ஒவ்வொருத்தராக நிறுத்தினார்கள். ஈஸ்டருக்குள் பதின்மூன்று பிள்ளையும் போயிற்று. அவளைக் கேட்டு வந்துகொண்டிருந்த கயிற்றுக்கடை ஹாக்கிங் இப்போது தெருவின் அந்தப் பக்கம் நடக்கிறான். அது ஒன்றும் நஷ்டமில்லை. இப்போது கெசியா கொட்டகையில் உப்பு அள்ளுகிறாள், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு.

நான் போய்க் கேட்டேன். "ஏன்டி, நிச்சயம் ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன். அப்புறம் முறிஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம்." அதற்கு அவள், "ஆகாததை ஆச்சுன்னு சொன்னா அது அவர் பேர்ல போடற பொய் அத்தை. நான் போடமாட்டேன்" என்றாள்.

தங்களுக்கும் ஒரு வரி எழுதியிருக்கமாட்டாள் என்று தெரியும். அதனால்தான் நான் எழுதினேன். கடிதத்தை ஊர் முழுக்கக் காட்டின கை இது. அடுப்பில் வைத்துச் சுடலாம் போல இருக்கிறது.

டாம்சின் பெங்கெல்லி


கூம்ப் மாளிகை
16 மே 1816

மிஸ் ரொஸ்கில்லிக்கு,

நீங்கள் நலமாக இல்லை என்று அறிகிறேன். யார் சொன்னார்கள் என்று கேட்கவேண்டாம்.

தவறு என்னுடையது. அம்மாவின் பெயருக்கு எழுதச் சொன்னீர்கள். நான் உங்கள் பெயரை எழுதினேன். ஒரு கனவான் இதற்குச் செய்யவேண்டியது ஒன்றே. என்னை மணந்துகொள்ளும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குப் பாதிச் சம்பளமும், பாட்டனார் விட்டுச்சென்ற ஒரு சிறு வீடும் உண்டு. கூரை ஒழுகும், சரிசெய்யலாம். அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் அறை இருக்கிறது, படி ஏறவேண்டாம். அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அண்ணி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை, வீடு மிக அமைதியாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை உங்கள் போதகரிடம் காட்டலாம். இன்றைக்கே உங்கள் பெயருக்கு வந்த களங்கம் தீரும்.

உங்கள் மரியாதையைக் காப்பது என் கடமை.

ஆம்ப்ரோஸ் ஹேவிலண்ட்


போல்வென்னா
3 ஜூன் 1816

லெப்டினன்ட் ஐயாவுக்கு,

தங்கள் உடல்நலத்துக்கு ஜெபிக்கிறோம். இங்கே ஜூன் பிறந்தும் அடுப்பு அணையவில்லை. கோடை இந்த வருஷம் எங்கள் ஊரை மறந்துவிட்டது.

சொன்னது பெங்கெல்லியம்மா என்று தெரியும். பல்வலிக்குக் கிராம்பு கொண்டுபோனேன். என்னைக் கண்டதும் அழுதுவிட்டாள்.

தாங்கள் கேட்டதற்கு என் பதில் 'வேண்டாம்' என்பது. கோபத்தில் சொல்லவில்லை. இரண்டு வாரம் யோசித்தேன். உப்பு அள்ளும்போது யோசிக்க நேரம் கிடைக்கிறது.

பள்ளத்தில் விழுந்தவளைக் கை கொடுத்துத் தூக்கிவிடலாம். தூக்கிவிட்டோமே என்று வீட்டுக்குக் கூட்டிப்போய் ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளவேண்டுமா? தாங்கள் பெரிய வீட்டுப் பிள்ளை. நான் மத்தி உப்பிடுகிறவள் மகள். தங்கள் அண்ணி கரண்டியைப் பற்றித் தங்களிடமே அப்படிக் கேட்டால், என்னிடம் எதைத்தான் கேட்கமாட்டார்? அதையும் தாங்கிக்கொள்வேன். ஆனால் பத்து வருஷம் கழித்து ஒரு நாள் சூப்பு ஆறிப்போயிருக்கும், கூரை ஒழுகும், தங்களுக்கு மனம் சலித்திருக்கும். அன்று தாங்கள் ஒன்றும் சொல்லமாட்டீர்கள், கனவான். சொல்லாத அந்த வார்த்தையோடு நான் குடித்தனம் செய்யவேண்டும். அதைவிட உப்பு மேல்.

கடமை என்ற சொல் தங்கள் கடிதத்தில் இருந்தது. வேறு ஒரு சொல் இருக்கிறதா என்று தேடினேன். அம்மாவின் படியைப் பற்றி எழுதிய இடத்தில் சற்று நின்றேன். அவ்வளவுதான்.

முடிக்குமுன் ஒன்று. என் இருமலைப் பற்றி நான் தங்களுக்கு எழுதியதே இல்லை. அம்மாவின் கடிதத்திலும் இல்லை. அது எனக்கு வந்தது பாஸ்கோ கப்பலேறிய பிறகு, கொட்டகையில் நின்ற முதல் குளிர்காலத்தில். வாத்தைப் பற்றிக் கேட்டபோதும் தாங்கள் நேராகப் பதில் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் வேண்டாம் ஐயா. இதற்குப் பதில் வேண்டும்.

கெசியா ரொஸ்கில்லி


கூம்ப் மாளிகை
20 ஜூன் 1816

மிஸ் ரொஸ்கில்லிக்கு,

உங்கள் நலம் கேட்கும் உரிமை எனக்கு உண்டா என்று இதைப் படித்தபின் நீங்களே சொல்லவேண்டும்.

இத்துடன் வரும் பொட்டலத்தில் பாஸ்கோவின் ஊசிநூல் பெட்டி இருக்கிறது. ஏலத்தில் எடுத்தவன் நான். அப்படிப்பட்ட ஏலத்தில் எல்லாரும் எதையாவது எடுப்போம். பணம் வீட்டுக்குப் போகுமே என்று. எனக்கு அந்த மீன் பிடித்திருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் ஊசித்தட்டைத் தூக்கினேன். அடியில் உங்கள் கடிதங்கள், பத்தொன்பது.

அன்றே கட்டி அனுப்பியிருக்கவேண்டும். முதல் கடிதத்தை முகவரி தேடித்தான் பிரித்தேன். இரண்டாவதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

மூன்று குளிர்காலம் மலைகள் தெரிந்த அந்த எதிரிக் கரைக்கு முன்னால் அசையாமல் காவல் கிடந்தோம். மற்ற அதிகாரிகள் சீட்டாடினார்கள். நான் போல்வென்னாவுக்குப் போனேன். எந்தப் படி கிரீச்சிடும் என்று எனக்குத் தெரியும். ஹாக்கிங் ஒரு கவளத்தை முப்பத்திரண்டு முறை மெல்வான் என்பதும், நீங்கள் எதிரே உட்கார்ந்து எண்ணியதும் தெரியும். மழைக்கு ஒதுங்கிய பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துத்தான் உங்கள் பள்ளிக்கூடம் ஆரம்பித்தது என்பதும் தெரியும். உங்கள் முதல் கடிதம் போன அக்டோபரில் வந்தபோது, பிரிக்குமுன்பே கையெழுத்து தெரிந்தது. உறவினரின் கடிதம் போல இருந்தது. அதனால்தான் என் கை உங்கள் பெயரை எழுதியது. அம்மாவுக்காக என்று அன்று எழுதியது பாதி உண்மை.

கடமைக்காகக் கேட்கிறேன் என்கிறீர்கள். ஒரு பெண்ணின் கடிதங்களைத் திருடிப் படித்து, அவளிடமே மறைத்தவனுக்குக் காப்பாற்ற என்ன மரியாதை மிச்சம்? உண்மைக் காரணத்தைச் சொன்னால் என்னை வெறுப்பீர்கள். சொல்லாவிட்டால் நம்பமாட்டீர்கள். வெறுத்தாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

பொட்டலத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பாஸ்கோவைக் கடலில் விட்டு மூன்று வாரம் கழித்து அவனுக்கு ஒரு கடிதம் வந்தது, உங்கள் கையெழுத்தில். பெட்டி என்னிடம் இருந்ததால் எழுத்தர் அதையும் என்னிடம் கொடுத்தார். அதை நான் பிரிக்கவில்லை. பெட்டியை நான் விலைக்கு வாங்கினேன். உள்ளே இருந்ததும் எனக்கே என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடிந்தது. இதை நான் வாங்கவில்லை. நான்கரை வருஷமாகப் பிரிக்காமல் வைத்திருந்தேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அதுவும் எளிதாக இல்லை.

மறுபடியும் கேட்கிறேன். இந்த முறை கடமை என்ற சொல் இல்லை. பதில் வராவிட்டால் இனி எழுதமாட்டேன்.

ஆம்ப்ரோஸ்


போல்வென்னா
15 ஜூலை 1816

லெப்டினன்ட் ஆம்ப்ரோஸுக்கு,

சுகம் கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு. ஆகையால் சொல்கிறேன்: இருமல் குறைந்திருக்கிறது. அம்மா சுகம்.

பொட்டலம் வந்த அன்றும் மறுநாளும் நான் தங்களைத் திட்டினேன். வாய்விட்டே. அண்ணனுக்கு என்று எழுதியதை ஓர் அந்நியர் மூன்று குளிர்காலம் வைத்துக்கொண்டு படிப்பதா? உடம்பெல்லாம் கூசியது. அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏன்டி, பத்தொம்போது கடிதம் முழுக்கப் படிச்சிருக்காரு. உன் வாய், உன் கோவம், உன் வாத்து எல்லாம் தெரியும். தெரிஞ்சும் கேக்கறாருன்னா அவருக்குத்தான் ஏதோ கோளாறு. நீ எதுக்குடி கத்தற?" என்றாள்.

மூன்றாம் நாள் என் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். மடிப்பு கிழிந்த இடங்களில் எல்லாம் நூலால் தைத்திருக்கிறது, காகிதம் பிய்ந்துவிடாமல், சின்னச் சின்னத் தையலாக. பாஸ்கோவின் நூல், ஆனால் அவன் கைத் தையல் இல்லை. சில இடத்தில் தையல் மேல் தையல். எத்தனை தடவை பிரித்தால் ஒரு மடிப்பு அப்படிக் கிழியும்?

தங்கள் கடமைக்கு முன்னால் நான் காலத்துக்கும் தலைகுனிந்து நிற்கவேண்டியிருக்கும் என்றுதான் வேண்டாம் என்றேன். இப்போது தாங்களும் தலைகுனிய ஒரு காரணம் இருக்கிறது. என் வீட்டையும் தங்கள் வீட்டையும் தராசில் வைத்தால் என்றைக்கும் நிற்காத முள், இதில் நேராக நிற்கிறது. இப்படிப்பட்ட ஆளோடு சூப்பு ஆறிப்போனாலும் சண்டை போடலாம்.

தாங்கள் கல்யாணம் கேட்ட இரண்டு கடிதத்தையும் போதகரிடம் கொண்டுபோனேன். முதலாவதை மட்டும் காட்டினேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் நம் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார். தங்களைக் கேட்காமலே வாசிக்கச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். "இவர்கள் கூடுவதற்குத் தடை அறிந்தவர் உண்டானால் சொல்லக்கடவர்" என்றபோது சபை முழுதும் திரும்பிப் பெங்கெல்லியம்மாவைப் பார்த்தது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்று காலை மூன்று பிள்ளைகள் சிலேட்டோடு வந்தார்கள். பழைய இடத்திலேயே உட்காரச் சொன்னேன். அங்கே தங்கள் கோயிலிலும் வாசிக்கச் சொல்லுங்கள். அண்ணி முன்வரிசையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்துடன் அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். அரக்கு உடையாமலே இருக்கிறது, நானும் உடைக்கவில்லை. உள்ளே என்ன என்று எனக்கு நினைவிருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. மழை, ஜலதோஷம், கொட்டகையில் ஒருத்தி வழுக்கி விழுந்தது, நீல ரிப்பன் கிடைத்தால் வாங்கி வா என்று ஒரு வரி. ஆனால் அதை இதுவரை ஒருவரும் படிக்கவில்லை. மற்ற பத்தொன்பதும் தாங்களாக எடுத்துக்கொண்டவை. இது நான் கொடுப்பது. பிரியுங்கள்.

ஓலை வாசிக்க இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது. என் முகத்தைத் தாங்கள் பார்த்ததில்லை, தங்கள் முகத்தை நானும் பார்த்ததில்லை. பார்த்தபின் தடை ஏதாவது தோன்றினால் நேரில் வந்து சொல்லலாம்.

வரும்போது வாசலில் பிஷப் நிற்கும். கழுத்தை நீட்டிக்கொண்டு வரும். எதற்காகவும் ஓடாதீர்கள். ஓடினால் தாங்களும் போதகர்தான் என்று முடிவு செய்துவிடும்.

காத்திருக்கும்,
கெசியா